சொன்னது ஒன்று, செய்தியில் வந்தது வேறொன்று

இணையத்தைக் கண்டுபிடித்தவன் தானே என்று அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் சொன்னதாக இன்றும் கேலி செய்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. 1999 மார்ச்சில் சீ.என்.என். செவ்வியொன்றில், காங்கிரஸில் இருந்த காலத்தில் இணையத்தை உருவாக்க முன்முயற்சி எடுத்ததாகவே சொன்னார். சற்று மிகையான பேச்சுத்தான், ஆனால் ஆதாரமற்றதல்ல. அவர் கொண்டுவந்த 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிடைத்த நிதியில்தான் மொசைக் உலாவி உருவானது.

அந்தப் பேச்சை உடனேயே கிண்டல் செய்தது வயர்ட் நியூஸ் என்ற தொழினுட்பச் செய்தித்தளம். பிறகு அரசியல் எதிராளிகளும் பத்திரிகைகளும் கைமாற்றியதில், 'முன்முயற்சி எடுத்தேன்' என்பது 'கண்டுபிடித்தேன்' ஆகிவிட்டது. 2000இல் இணைய முன்னோடிகளான வின்ட் சேர்ஃபும் பொப் கானும் கோருக்கு ஆதரவாக எழுதினார்கள். அதற்குள் பொய் நெடுந்தூரம் போய்விட்டது.

துணை ஜனாதிபதிக்கே இந்தக் கதி என்றால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயின் சொல்லுக்கு யார் காவல்? எங்கள் சொல் மொழிபெயர்ப்பாளர், செய்தியாளர், ஆசிரியர் என்று பல கை மாறுகிறது. "என் பிள்ளை எங்கே?" என்று கேட்டது "இழப்பீடு கேட்கிறார்" என்று வந்தால், அவருடைய போராட்டமே வேறொன்றாகிவிடும்.

அதனால் நான் செவ்வி கொடுக்கும்போது என் கைத்தொலைபேசியிலும் பதிவு செய்கிறேன். மேற்கோளாகப் போடும் வரிகளை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். பிழை வந்தால் அன்றைக்கே எழுத்தில் திருத்தம் கேட்கிறேன். நேர்மையான ஊடகவியலாளர் இதற்குக் கோபிப்பதில்லை.