பரம்பரைக் கொலஸ்ட்ரால்: மாத்திரைக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு, தள்ளிப்போட்டா எவ்வளவு?

(ஒலிவடிவ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ்களைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "வயசு 27, ஒல்லியாதான் இருக்கேன், முட்டைகூட சாப்பிட மாட்டேன். எல்டிஎல் 230ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. லேப்ல தப்பு பண்ணிட்டாங்களா?"

தப்பாவும் இருக்கலாம், திரும்ப ஒரு முறை எடுத்துப் பாருங்க. ஆனா மறுபடியும் 190க்கு மேலே வந்து, வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயசிலேயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தா, அது நீங்க சாப்பிட்ட பரோட்டாவோட வேலையா இல்லாம இருக்கலாம். அதுக்குப் பேர் ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்டிரோலீமியா. சுருக்கமா எஃப்ஹெச். தமிழில் பரம்பரைக் கொலஸ்ட்ரால்னு வெச்சுக்கலாம்.

எனக்கும் இது இருக்கு. 24 வயசில் தெரிஞ்சது. எங்க அப்பாவுக்கு 44 வயசில் பைபாஸ். நான் டாக்டர் இல்லை. இந்த நோயோட ஏழு வருஷமா கணக்கு வழக்கு வெச்சிருக்கிற ஆள். அதனால இன்னிக்குப் பேசப்போறது காசைப் பத்தி.

முதல்ல, உடம்புக்குள்ள என்ன நடக்குது?

உங்க தெருவுக்கு ரெண்டு குப்பை வண்டி வரணும், ஒண்ணுதான் வருதுன்னு வைங்க. தெருவில் யாரும் அதிகமா குப்பை போடலை. ஆனாலும் சேர்ந்துக்கிட்டே இருக்கும். ரத்தத்தில் இருக்கிற எல்டிஎல்லை அள்ளி எடுக்கிற வேலை கல்லீரலோடது. அதுக்கு 'ரிசெப்டர்'னு ஒரு அமைப்பு இருக்கு. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேர் 1970களில் இதைக் கண்டுபிடிச்சதே எஃப்ஹெச் நோயாளிகளை ஆராய்ந்துதான். 1985ல் நோபல் பரிசு வாங்கினாங்க.

அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து பழுதான மரபணு வந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஏறக்குறைய 250லிருந்து 300 பேருக்கு ஒருத்தருக்கு இது இருக்குன்னு சொல்றாங்க. ஒரு பெரிய அபார்ட்மென்ட்டை எடுத்துக்கிட்டா, அதில் ரெண்டு மூணு பேர்.

மத்தவங்களுக்கு 40 வயசில் ஏறுற கொலஸ்ட்ரால் எங்களுக்குப் பிறந்ததிலேர்ந்தே இருக்கும். சிகிச்சையே எடுக்கலைன்னா, 50 வயசுக்குள்ள ஆண்களில் பாதிப் பேருக்கும், 60 வயசுக்குள்ள பெண்களில் 30 சதவீதம் பேருக்கும் இதயப் பிரச்சினை வந்துடும். கணக்கு போடும்போது இந்த வரியை மறக்காதீங்க.

கண்டுபிடிக்க எவ்வளவு ஆகும்?

லிப்பிட் புரொஃபைல் டெஸ்ட் பெரும்பாலான லேப்ல சில நூறு ரூபாய்தான். கூடவே தைராய்டு டெஸ்டும், கிட்னி, லிவர் டெஸ்டும் எழுதித் தருவாங்க. 'பேக்கேஜ் விக்கிறாங்க'ன்னு நினைக்காதீங்க. தைராய்டு குறைஞ்சாலும், கிட்னியில் புரதம் ஒழுகினாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அது இல்லைன்னு உறுதி செஞ்சாத்தான் எஃப்ஹெச்ன்னு சொல்ல முடியும்.

காசே ஆகாத சோதனைகளும் இருக்கு. குதிகால் தசைநாண் தடிச்சிருக்கா, இமையில் மஞ்சள் திட்டு இருக்கா, சின்ன வயசிலேயே கருவிழியைச் சுத்தி வெள்ளை வளையம் தெரியுதான்னு டாக்டர் பார்ப்பார். மரபணு டெஸ்ட்டுக்குப் பல ஆயிரம் ஆகும். சிகிச்சை ஆரம்பிக்க அது கட்டாயம் இல்லை. எனக்கு இதுவரைக்கும் எடுக்கலை.

மாத்திரைக்கு?

இங்கதான் நல்ல செய்தி. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரிச்சு எடுத்த பொருள்தான் ஸ்டாட்டின் மருந்துகளுக்கு முன்னோடி. இன்னிக்கு அட்டோர்வாஸ்டாட்டின் காப்புரிமை எல்லாம் முடிஞ்ச சரக்கு. இந்தியாவில் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ரெண்டிலும் ஜெனரிக் மருந்துகள் பிராண்ட் விலையை விட ரொம்பக் குறைவு.

என் எண்களையே சொல்றேன். ஆரம்பத்தில் எல்டிஎல் 250. அதிக டோஸ் ஸ்டாட்டின் அதைப் பாதியாக்கும், அதாவது 125. எசெட்டிமைப்னு இன்னொரு மாத்திரை சேர்த்தா இன்னும் அஞ்சில் ஒரு பங்கு குறையும், 100. பிராண்ட் மாத்திரை வாங்கும்போது ரெண்டுக்கும் சேர்த்து மாசம் 650 ரூபாய் வந்தது. டாக்டர்கிட்ட கேட்டு ஜெனரிக்குக்கு மாறின பிறகு 200க்குள்ள முடியுது. வருஷத்துக்கு ரெண்டு முறை டெஸ்ட், கன்சல்டேஷன் எல்லாம் சேர்த்தாலும் நான் ஒடிடி தளங்களுக்குக் கட்டுற பணத்தை விட அதிகம் இல்லை.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: கர்ப்பத்துக்குத் திட்டமிட்டா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க. அந்தக் காலத்தில் பொதுவா ஸ்டாட்டினை நிறுத்தி வைப்பாங்க.

ஊசிக்கு?

மாத்திரையிலும் இறங்காதவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுற பிசிஎஸ்கே9 ஊசிகள் இருக்கு. மிச்சம் இருக்கிற எல்டிஎல்லிலும் 60 சதவீதம் வரை குறைக்கும். என் கணக்கில் 100 சுமார் 40 ஆகும். 2015ல் அமெரிக்காவில் வந்தப்போ வருஷத்துக்கு ஏறக்குறைய 14,000 டாலர் விலை வெச்சாங்க. காப்பீட்டு நிறுவனங்களே பணம் தர மறுத்தாங்க, டாக்டர் எழுதியும் பல பேருக்குக் கிடைக்கலை. 2018ல் விலையை 6,000 டாலருக்கும் கீழே இறக்கினாங்க. நம்ம ஊரிலும் கிடைக்குது, ஆனா மாசத்துக்குப் பல ஆயிரம். பெரும்பாலும் கைக்காசுதான்.

அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான மரபணு வர்றது ரொம்ப அபூர்வம், லட்சக்கணக்கில் ஒருத்தர். அவங்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே அடைப்பு வரும். அதுக்கான எவினாகுமேப் மருந்து 2021ல் அமெரிக்காவில் வந்தப்போ வருஷத்துக்குச் சுமார் 4,50,000 டாலர். உறவுக்குள்ள கல்யாணம் நடக்கிற நம்ம ஊரில் இந்த வகையைப் பத்திக் கட்டாயம் பேசணும். மாமன் மகனும் அத்தை மகளும் ஒரே தாத்தாகிட்ட இருந்து அதே பழுதை வாங்கியிருக்கலாம் இல்லையா?

தள்ளிப்போட்டா?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்னு உச்சவரம்பு வெச்சது. நல்ல விஷயம். ஆனா ஆஸ்பத்திரி பில்லில் ஸ்டென்ட் ஒரு வரி மட்டும்தான். ஐசியூ, கேத் லேப், டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்ந்தா தனியார் ஆஸ்பத்திரியில் லட்சத்தில்தான் பேச்சு. அப்பாவோட பைபாஸுக்கு அம்மாவோட நகை போச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசம் அப்பா வேலைக்குப் போகலை. அது எந்த பில்லிலும் வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தருது. ஆனா வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். மாசச் சம்பளக்காரங்க நிறைய பேர் அதில் வர மாட்டாங்க. அப்போ தனியார் இன்ஷூரன்ஸ்.

"ஃபார்ம்ல எழுதாதீங்க சார்"

நான் பாலிசி எடுக்கப் போனப்போ ஏஜென்ட் சொன்ன வார்த்தை இது. "மாத்திரை சாப்பிடறதை எழுதினா பிரீமியம் ஏறும், யாருக்குத் தெரியப்போகுது?" நான் எழுதினேன். பிரீமியம் ஏறத்தான் செஞ்சது.

ஏன் எழுதினேன்னா, மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் நிராகரிக்கப்படும். 44 வயசில் ஐசியூவில் படுத்திருக்கும்போது பழைய லேப் ரிப்போர்ட்டைத் தோண்டி எடுப்பாங்க. சொன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூணு வருஷம். அஞ்சு வருஷம் தொடர்ந்து கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாத் தவிர, மறைச்சீங்கன்னு சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. 26 வயசில் உண்மையைச் சொன்னா 29ல் முழுப் பாதுகாப்பு. எஃப்ஹெச் காரங்களுக்குச் சாதகமா இருக்கிறது இந்த வயசு ஒண்ணுதான்.

"மரபணு நோய், தர முடியாது"ன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க. 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படிப் பொத்தாம்பொதுவா விலக்குறது பாரபட்சம்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கு அடுத்த மாசமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், புதுப் பாலிசிகளில் அந்த விலக்கு கூடாதுன்னு நிறுவனங்களுக்குச் சொல்லிடுச்சு.

பில்லில் வராத செலவு

ஒருத்தருக்கு எஃப்ஹெச்ன்னா அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும். நெதர்லாந்து 1994லிருந்து இப்படிக் குடும்பம் குடும்பமாத் தேடிப் பல ஆயிரம் பேரைக் கண்டுபிடிச்சது. ஸ்லோவேனியாவில் அஞ்சு வயசுக் குழந்தைகளுக்கே கொலஸ்ட்ரால் பார்க்கிறாங்க. நம்ம வீட்டில் அதைச் செய்ய ஆகிற செலவு ஆளுக்குச் சில நூறு ரூபாய்.

ஆனா என் தங்கச்சி இன்னும் எடுக்கலை. அவளோட அனுமதியோடதான் சொல்றேன். வரன் பார்க்கிற நேரம். "இப்ப எதுக்குடா? கல்யாணம் முடியட்டும்"னு அம்மா சொல்றாங்க. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. நோய்னு ஒரு வார்த்தை வெளியே போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா டெஸ்ட் எடுக்காததால அவளுக்கு எஃப்ஹெச் இல்லாமப் போயிடாது.

அதனால அம்மாகிட்ட நான் பேசற விதத்தை மாத்திக்கிட்டேன். "நோய் இருக்கான்னு பார்ப்போம்"னு சொல்றதில்லை. "ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, கண்ணாடி போடுற மாதிரி. அப்பாவுக்கு இது 20 வருஷம் முன்னாடி கிடைச்சிருந்தா உன் நகை உன்கிட்ட இருந்திருக்கும்"னு சொல்றேன். போன வாரம் முதல் தடவையா, "அந்த லேப் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"ன்னு கேட்டாங்க.

உங்க ரிப்போர்ட்டில் எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தா, டாக்டர்கிட்ட எஃப்ஹெச்சான்னு பேர் சொல்லியே கேளுங்க. வீட்டில் யாருக்கு, எத்தனை வயசில் ஹார்ட் அட்டாக் வந்ததுன்னு ஒரு பேப்பரில் எழுதி எடுத்துட்டுப் போங்க. அடுத்த எபிசோடில் ஜெனரிக் மருந்துகளைப் பத்தி உங்க கேள்விகளுக்குப் பதில் சொல்றேன். அனுப்பி வைங்க.