வயற்காவலும் வேட்டைச் சட்டமும்

பயிரைக் காப்பது உழவனுடைய கடமை. அக்கடமையைச் செய்யப் புகுந்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடுமாயின் அது அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் பெருந்துன்பமாகும். காவிரிப் படுகையின் நஞ்சை நாட்டில் இத்துன்பம் கெட்ட எண்ணமுடையோருக்கு மட்டும் நேருவதன்று. நிலமும் தன்னுடையது, பயிரும் தன்னுடையது, துப்பாக்கிக்கு லைசென்சும் உண்டு, ஆகையால் தடையொன்றும் இல்லை என்று நம்பும் நல்ல மிராசுதாருக்கும் இது நேரக்கூடியதே. வன உயிர்களைப் பற்றிய சட்டம் சென்ற நூறாண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. பெரியோர் வாய்மொழியாகச் சொல்லிச் சென்றது ஒன்று. இன்று அமலில் இருப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை நிலச் சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியம்.

குழப்பம் உண்டான விதம்

1912-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் சில பிராணிகளை மட்டும் குறிப்பிட்டு, அவற்றைக் கொல்லக் கூடாத பருவங்களை அந்தந்த மாகாண சர்க்கார் நிர்ணயிக்கலாம் என்று விதித்தது. தடைப் பருவம் கழிந்தபின் வேட்டைக்குத் தடையில்லை. அன்றியும், சொத்தைக் காக்கும் பொருட்டு உண்மையான எண்ணத்துடன் ஒரு பறவையையோ விலங்கையோ கொன்றால் அச்சட்டம் பொருந்தாது என்றும் அதில் ஒரு விலக்கு இருந்தது. "பயிரில் விழுந்ததைச் சுடலாம்" என்று கிராமங்களில் இன்றும் வழங்கும் சொல்லுக்கு வேர் அவ்விலக்கே.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிராணிகளைப் பல அட்டவணைகளாகப் பிரித்தது. முயல், காடை, கௌதாரி, நீர்ப்பறவைகள் முதலிய சிறு வேட்டைப் பிராணிகளை லைசென்சு பெற்று வேட்டையாட முதலில் அதில் இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த லைசென்சு முறையே ஒழிந்தது. எனினும், காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகிய நான்கும் தீங்குயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் நீடித்தன. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்தத் தீங்குயிர் அட்டவணையும் நீக்கப்பட்டது. இப்பொழுது முதலிரண்டு அட்டவணைகள் பிராணிகளுக்கும், மூன்றாவது தாவரங்களுக்கும், நான்காவது சர்வதேச வியாபாரத்துக்கு உட்பட்ட உயிர்களுக்கும் உரியவை.

ஆகவே பாட்டனார் அறிந்த சட்டமும், தகப்பனார் அறிந்த சட்டமும், மகன் பின்பற்ற வேண்டிய சட்டமும் மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. ஒரே வீட்டுத் திண்ணையில் மூவரும் மூன்று விதமாகச் சொல்லின், அதில் வியப்பில்லை.

இன்றைய சட்டத்தின் சாரம்

முதலிரண்டு அட்டவணைகளில் கண்ட எந்தப் பிராணியையும் எவரும் வேட்டையாடலாகாது என்பதே இன்றைய பொது விதி. வேட்டை என்னும் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் விரிவானது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டையன்று. விஷம் வைத்தல், கண்ணி வைத்தல், வலையிற் பிடித்தல், நாய் விட்டுத் துரத்துதல், உடலில் ஒரு பாகத்தை எடுத்தல் ஆகியவையும், இவற்றுக்கு முயலுதலும் வேட்டையே. காட்டுப் பறவைகளின் முட்டையைச் சிதைப்பதும், கூட்டைக் கலைப்பதும் இதில் அடங்கும். பொங்கல் நாட்களில் நாய்களுடன் முயலைத் துரத்திச் செல்லும் இளைஞர்கள், ஒரு முயலும் அகப்படாமல் வீடு திரும்பினாலும், சட்டத்தின் கண்ணில் வேட்டையாடியவர்களே.

இவ்விதிக்கு விலக்குகள் சில உண்டு. தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க வேண்டி நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொல்லுதல் குற்றமாகாது. ஆனால் அச்சமயம் அவன் வேறு சட்ட விரோதச் செயலில் ஈடுபட்டிருக்கலாகாது. இவ்விலக்கு மனித உயிருக்கே உரியது, பயிருக்கு நீளாது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இன்றைய சட்டத்துக்கும் உள்ள பெரிய பேதம் இதுவே.

பயிரைக் காக்கும் பொருட்டு வேட்டையாட வேண்டுமாயின், எழுத்து மூலமான உத்தரவு தேவை. இரண்டாம் அட்டவணைப் பிராணி மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ அபாயமானதென்று கண்டால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அதிகாரியோ, காரணம் காட்டி அத்தகைய உத்தரவு கொடுக்கலாம். முதல் அட்டவணைப் பிராணிக்குப் பயிர் நாசம் ஒரு காரணமாகாது. அது மனித உயிருக்கு அபாயமாயிருந்தாலன்றி, அல்லது பிழைக்க வழியின்றி ஊனமோ நோயோ உற்றிருந்தாலன்றி, உத்தரவு கிடையாது.

துப்பாக்கி லைசென்சு வேறு, வேட்டை உத்தரவு வேறு

நல்லெண்ணமுடையோர் மிகுதியும் இடறுவது இவ்விடத்திலேயே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், உண்மையான பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வழங்க இடமுண்டு. லைசென்சில் பயிர்க் காவல் என்று எழுதியிருப்பதைக் கண்டவர், பயிரில் இறங்கும் பிராணியைச் சுடவும் அதுவே அனுமதி என்று கொள்ளுகின்றனர். அவ்வாறன்று. ஆயுத லைசென்சு துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமையைத் தருகிறதேயொழிய, பாதுகாக்கப்பட்ட உயிரைக் கொல்லும் உரிமையைத் தருவதில்லை.

சரணாலயங்களை அடுத்த கிராமங்களுக்கு மற்றொரு விதியும் உண்டு. ஒரு சரணாலயத்தின் உள்ளேயோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ வசித்து ஆயுத லைசென்சு வைத்திருப்பவர்கள், வன உயிரினச் சட்டத்தின்கீழ்த் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வெல்லைக்குள் புதிய லைசென்சு வழங்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. 1967-இல் சரணாலயமான கோடியக்கரையைச் சுற்றியும், வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் ஏரி ஆகிய பறவைச் சரணாலயங்களைச் சுற்றியும் உள்ள கிராமத்தார் இதை முக்கியமாகக் கவனிக்கக் கடவர்.

வயலிலும் வாய்க்காலிலும் காணும் உயிர்கள்

மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. முதல் அட்டவணையைச் சேர்ந்தது. நெற்கதிரையும் நிலக்கடலையையும் அது தின்பது மெய்யே. ஆயினும் மேற்கூறியபடி, பயிர் நாசத்துக்காக அதைக் கொல்ல எவ்வித உத்தரவும் பெற இயலாது. உடும்பும் முதல் அட்டவணையைச் சேர்ந்ததே. கோடையில் வாய்க்கால் வற்றும்போது சேற்றில் அகப்படும் பாலாமையும் அவ்வாறே. ஆமையை மீனைப்போல் எண்ணிக் கூடையிலிட்டு வருபவன், விரால் பிடித்து வருபவனுக்கு ஒப்பாகான்.

நீர்ப்பறவைகளின் விஷயம் டெல்டாவில் விசேஷமானது. சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும் மாதங்களே வடதேசங்களிலிருந்து வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்கள். உள்ளான், சிறவி, கொக்கு, மடையான், கானாங்கோழி முதலியவற்றைக் கண்ணியாலும் வலையாலும் பிடித்துச் சாலையோரங்களில் விற்பது நெடுநாளைய வழக்கம். அக்காலத்தில் உள்ளான் சுடுவதற்கென்றே துரைமார்கள் நஞ்சை வயல்களைத் தேடி வந்ததுண்டு. இன்று இவற்றைப் பிடிப்பவர் மட்டுமின்றி வாங்குபவரும் குற்றத்துக்கு உள்ளாவர். பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை வேறு. வயலிற் பிடித்த காடை வேறு. பின்னதை முன்னதென்று சொல்லி விற்பவரிடம் வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். பிராணியோ அதன் இறைச்சியோ ஒருவர் வசத்தில் இருப்பது நிரூபணமானால், அது சட்டப்படி வந்ததென்று காட்டும் பாரம் அவரையே சாரும்.

நீலத்தாழைக்கோழி நெற்பயிரின் தண்டைக் கடித்து நஷ்டம் விளைவிப்பதுண்டு. ஆனால் பறவைகள் யாவும் பயிருக்குப் பகையல்ல. உண்ணிக்கொக்கு ஏர்ப்பின் நடந்து புழுப்பூச்சிகளைத் தின்கிறது. நத்தைக்குத்தி நாரை நத்தைகளைப் பொறுக்குகிறது. கூகை இரவில் எலிகளைப் பிடிக்கிறது. இவற்றைக் கொல்பவன் தன் வயலில் சம்பளமின்றி உழைக்கும் ஆட்களை விரட்டுபவனாவான்.

காட்டுப்பன்றி

கரும்பு, நெல், கிழங்குப் பயிர்களுக்குக் காட்டுப்பன்றியால் விளையும் சேதம் சிறிதன்று. இது இரண்டாம் அட்டவணைப் பிராணி. ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு இதைத் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு உண்டு. 2015-ஆம் ஆண்டு இறுதியில் பீகாரின் சில ஜில்லாக்களுக்கும், 2016-இல் உத்தராகண்டின் சில ஜில்லாக்களுக்கும் அவ்வாறு அறிவிப்பு வெளியாயிற்று. கேரள சர்க்கார் 2022-இல், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்களுக்கு அளித்தது. இச்செய்திகளைப் பத்திரிகையில் படித்த சிலர், அவை தஞ்சை ஜில்லாவுக்கும் பொருந்துமென்று எண்ணுவது தவறு. ஒரு மாநிலத்துக்கோ ஒரு காலத்துக்கோ வந்த உத்தரவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சர்க்கார் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவோர் பயிற்சி பெற்ற வன இலாகா ஊழியர்களே, நிலக்காரர் அல்லர். "மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம்" என்ற பாதியை மட்டும் கேட்டுத் துப்பாக்கியைத் துடைப்பவர், மறு பாதியையும் கேட்டல் நலம்.

அவுட்டுக்காய் வைப்பதும், வேலிக் கம்பியில் நேரே மின்சாரம் பாய்ச்சுவதும் பன்றியோடு நில்லா. அதிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் ஆளும், வரப்பில் மேயும் பசுவும் அவற்றால் மாண்டிருக்கின்றனர். முறையான சூரியசக்தி வேலி அமைப்பதற்கும் 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகளின்படி பதிவு தேவை.

எலியும் விஷமும்

வயல் எலியைப் பிடிப்பதில் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் வில்பொறி புகழ்பெற்றது. அது எலியையன்றி மற்ற உயிர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாததால் மிகச் சிறந்த முறை எனலாம். துத்தநாக பாஸ்பைடு ஒரு பங்குக்கு 49 பங்கு பொரி முதலிய இரை கலந்து வைப்பதும் வழக்கமே. ஆனால் அவ்விஷ இரையை வரப்பின்மேல் வெளிப்படையாக இறைத்தால், காலையில் மயிலும் புறாவும் அதைப் பொறுக்கும். எலிக்கென்று வைத்ததாகக் கூறுவது, மயில் மாண்டபின் வழக்கு எழாமற் செய்துவிடாது. ஆகையால் இரையை வளைக்குள் இட்டு வாயை மண்ணால் மூட வேண்டும். மிஞ்சியதையும் செத்த எலிகளையும் ஆழப் புதைக்க வேண்டும். பூச்சிமருந்தைத் தானியத்திற் கலந்து பறவைகளுக்கு வைப்பது எவ்விதத்திலும் மன்னிக்கத்தக்கதன்று.

தண்டனை

பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணைப் பிராணியாயின் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. துப்பாக்கி, வலை, வண்டி ஆகியவையும் பறிமுதலாகக்கூடும். ஒரு மா நிலத்துப் பயிரின் நஷ்டத்தையும் இத்தண்டனையையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்ப்பவன், கை ஓங்குமுன் யோசிப்பான்.

கவனிக்க வேண்டியவை

1. பயிரில் இறங்கும் பிராணி இன்னதென்று முதலில் நிச்சயித்து, அது எந்த அட்டவணையைச் சேர்ந்ததென்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிக. நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளதென்பது இதில் பொருட்டன்று.

2. சேதம் கண்டவுடன் சர்வே நம்பர், பயிர், பரப்பு, தேதி ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரதி வைத்துக்கொள்க. அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருந்தால் நஷ்டஈட்டு மனுவுக்கு அது துணையாகும்.

3. வாய்மொழி அனுமதியை நம்பற்க. எழுத்தில் உள்ள உத்தரவில் பிராணி, இடம், காலம், யாருக்கு என்பவற்றைப் படித்து அதன்படியே நடக்க.

4. வயலில் ஒரு வன உயிர் செத்துக்கிடந்தாலோ காயமுற்றுக் கிடந்தாலோ அதை எடுத்துச் செல்லற்க. எவ்வகையிலேனும் கைக்கு வந்துவிடின், 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வன இலாகாவிலோ தெரிவிக்க வேண்டும். அது சர்க்காருடைய சொத்து. இறகும் தோலும் அவ்வாறே.

5. நாற்றங்காலுக்கும் நேரடி விதைப்புக்கும் மினுங்கு நாடா, பொம்மை, தப்பட்டை ஓசை, ஆட்காவல் ஆகியவற்றைக் கைக்கொள்க. பறவை சிக்கி மாளும் நரம்பு வலைகளை விரித்து வைக்கற்க.

6. பண்ணையாட்களும் காவற்காரர்களும் செய்வதற்கு நிலக்காரரும் பதில் சொல்ல நேரிடலாம். ஆகையால் இவ்விஷயங்களை அவர்களுக்கும் எடுத்துரைப்பது நன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் குருவை, சம்பா நடவுக் காலங்களில் இவ்விதிகளைச் சாவடியில் வாசித்துக் காட்டினால், பின்னர் ஜாமீனுக்கு அலையும் சிரமம் பலருக்கு மிச்சமாகும். அறியாமற் செய்தேன் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. அறிந்துகொள்ளும் வழியோ வனச்சரக அலுவலகத்தின் வாயிலில் ஒரு கேள்வி கேட்பதில் அடங்கியிருக்கிறது.