தாயின் இரத்தத்தில் பிள்ளையின் மரபணு

ஹட்டனில் ஒரு கர்ப்பிணியின் கையில் எடுக்கும் இரத்தத்திலேயே வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய தடயம் கிடைக்குமா? கிடைக்கும். சூல்வித்தகத்தின் கலங்கள் சிதையும்போது மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. ஆய்வாளர் டெனிஸ் லோவும் சகாக்களும் 1997இல் இதை அறிவித்தார்கள்.

பத்தாவது வாரமளவில் துணுக்குகள் எண்ணிப் பார்க்கப் போதுமாகிவிடும். 21ஆம் நிறமூர்த்தத்தின் பங்கு வழமையைவிடக் கூடினால் டவுன் சிண்ட்ரோம் என்ற ஐயம் எழும்.

ஐயம்தான், தீர்ப்பல்ல. 25 வயதுத் தாய்மாரில் இந்நிலை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த இரத்தச் சோதனை ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே தவறாக ஐயம் காட்டுகிறது என்று வைத்தாலும், அந்த வயதில் வரும் 'ஐயம்' அறிக்கைகளில் ஏறக்குறையப் பாதி பொய்யாகிவிடும்! உறுதிசெய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

உறுதியானால்? இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பிள்ளையின் குறைபாடு அதற்குக் காரணமாகாது. மறுபுறம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு, ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றது. சட்டம் ஏட்டில் இருக்கட்டும், தோட்ட லயத்துப் படிகளில் சக்கர நாற்காலி ஏறுமா? பெறு என்று கட்டாயப்படுத்திவிட்டு, வளர்க்கும் பாரத்தைத் தாயின் தலையிலேயே போடுவது நியாயமில்லை.

சோதனைக்கு முன்னும் பின்னும், பயமுறுத்தாமல் தமிழில் விளக்கும் மரபணு ஆலோசகர் மலையகத் தாய்மாருக்குக் கிடைக்க வேண்டும்.