படைக்கோல்: தோற்றவர் எங்கே?

பீல்ட் மார்ஷல் ஆகும் தளபதியின் கையில் அரசு ஒரு கோலைக் கொடுக்கிறது. பொன்பூண் போட்ட குட்டைக் கோல். சண்டைக்கு உதவாது, ஊன்றி நடக்கவும் ஆகாது. ‘இவருக்குச் சாகும்வரை ஓய்வில்லை’ என்று அறிவிப்பதுதான் அதன் வேலை. இந்தியத் தரைப்படையில் இந்தப் பதவியை மானெக்‌ஷா 1973இலும் கரியப்பா 1986இலும் பெற்றார்கள். பழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது.

1813 ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியா போரில் பிரெஞ்சு மார்ஷல் ஜூர்தானின் கோல் பிடிபட்டது. வெலிங்டன் அதை லண்டனுக்கு அனுப்பினார். ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசர் பதிலுக்கு அவரைப் பீல்ட் மார்ஷலாக்கினார். ஆக, வென்றவரின் கோலுக்கு விலை தோற்றவரின் கோல்.

நமக்கு இது புதிதல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் தலைக்கோல், போரில் புறங்கொடுத்த மன்னரின் வெண்குடைக் காம்பு. கணுக்களில் நவமணி பதித்து, பொன்தகடு போர்த்தி, மாதவி ஆடும் அரங்கில் வைக்கிறார்கள். வீரமும் கலையும் கைகோத்த அழகு என்று நம்ம மேடைகளில் வியப்பார்கள். எனக்குப் படுவது வேறு. பொன்னுக்குள் இருப்பது தோற்றவனின் காம்பு என்பதைப் பிரதி மறைக்கவில்லை. ஆனால் அது மன்னனின் குடை. செத்துப்போன காலாளுக்கு அதற்குள்ளும் இடமில்லை.

இனி கொழும்புக்கு வருவோம். 2009இல் ஈழப்போரை முடித்த ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. 2010 தேர்தலில் ராஜபக்சவை எதிர்த்து நின்று தோற்றார். சீருடையில் இருந்தபோதே அரசியல் செய்தார் என்று ராணுவ நீதிமன்றம் அவருடைய பதவியையும் பதக்கங்களையும் பறித்தது. 2015இல் சிறிசேன வந்ததும் எல்லாம் திரும்பின. மார்ச் 22 அன்று பீல்ட் மார்ஷலும் ஆனார்.

இந்த ஐந்து வருஷத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்தது எதுவும் மாறிவிடவில்லை. மாறியது ஆட்சி. பறித்ததும் கொடுத்ததும் ஆள்பவர்களின் உள்வீட்டு வழக்கு. அந்த இறுதிப்போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அவர்கள் பறித்தபோதும் பேச்சில் இல்லை, கொடுத்தபோதும் இல்லை. குடையுள்ள மன்னர்களா அவர்கள்? அதே அரசின் குடிமக்கள். பொன் போர்த்திக் காட்ட அவர்களிடம் ஒரு காம்புகூடக் கிடையாது.

1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவுக்குக் கொடுத்த செங்கோலை 2023இல் புதிய நாடாளுமன்றத்தில் வைத்தபோது, எங்கள் திருப்பனந்தாள் பக்கம் டீக்கடை வரை அதே பேச்சு. மடத்தையும் முடியாட்சியையும் நாம் எவ்வளவோ விமர்சிக்கலாம். ஆனால் செங்கோலுக்குக் ‘கொடுங்கோல்’ என்று ஓர் எதிர்ச்சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. குடிகள் அதை வைத்துத்தான் அரசனை அளந்தார்கள். கோல் வளைந்தால் வளைந்தது என்று சொல்ல முடிந்தது.

படைக்கோலுக்கு அப்படியொரு எதிர்ச்சொல் இல்லை. அது எப்போதும் நேர்தான், வெற்றிதான். கொடுத்த கை மட்டும்தான் அதைத் திருப்பிக் கேட்கலாம். கொல்லப்பட்டவரின் வீட்டார் கேட்க முடியாது. அவர்கள் கேட்பதற்கான சொல் எது என்பதே நம் முன் உள்ள கேள்வி.