வசந்த கால கரும்பு நடவு: உத்தரப் பிரதேச விவசாயிகளுக்கு விதைக் கரணை தேர்வு ஏன் முக்கியம்?

லக்னோ: நாட்டிலேயே மிக அதிகமாகக் கரும்பு விளையும் மாநிலமான உத்தரப் பிரதேசத்தில், ஆண்டுதோறும் பிப்ரவரி நடுப்பகுதியில் வசந்த கால நடவு தொடங்குகிறது. நிலத்தை உழுவதும் அடியுரம் இடுவதும் வழக்கமான பணிகளே. ஆனால், எந்த ரகத்தின் கரணையை, யாருடைய வயலிலிருந்து எடுத்து நடுவது என்பதுதான் இப்போது விவசாயிகள் எடுக்க வேண்டிய மிக முக்கியமான முடிவாக உள்ளது. ஒருமுறை நட்ட கரும்பிலிருந்து அடுத்தடுத்து மறுதாம்புப் பயிரும் எடுக்கப்படுவதால், நடவின்போது நேரும் தவறு இரண்டு, மூன்று ஆண்டு வருமானத்தைப் பாதிக்கும்.

ஏன் வசந்த காலம்?

கரும்பின் பருக்கள் நன்கு முளைக்க 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் முளைப்பு மிகவும் குறையும். குளிர் தணியும் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரையிலான காலமே முக்கிய நடவுப் பருவம். கோதுமை அறுவடைக்குப் பின் ஏப்ரல், மே மாதங்களிலும் சிலர் நடுகின்றனர். எனினும், தூர் கட்டுவதற்குப் போதிய காலம் கிடைக்காததால் அதில் மகசூல் குறைகிறது.

கோவை தந்த ரகம்:

இந்த நடவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும் தட்பவெப்பம் அங்கு நிலவுவதால், வட மாநிலங்களுக்கான ரகங்களின் ஒட்டுச் சேர்க்கையும் அங்கேயே நடைபெறுகிறது. ரகங்களின் பெயர் 'கோ' எனத் தொடங்குவது கோயம்புத்தூரைக் குறிக்கும். 'கோஎஸ்' என்பதில் ஷாஜகான்பூரும், 'கோஎல்கே' என்பதில் லக்னோவும் சேர்ந்துள்ளன.

இந்த நிலையத்தின் கர்னால் மண்டல மையம் உருவாக்கிய கோ 0238 ரகம், வட மேற்கு மண்டலத்துக்கென 2009-இல் வெளியிடப்பட்டது. மகசூலும் சர்க்கரை அளவும் ஒருசேர உயர்ந்ததால், பத்தே ஆண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்த ஒரே ரகம் பரவியது. 100 கிலோ கரும்புக்கு 9 கிலோ அளவில் இருந்த ஆலைகளின் சராசரி சர்க்கரை உற்பத்தி, 11 கிலோவைத் தாண்டியது.

செவ்வழுகல் நோய்:

அந்த வெற்றிக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. செவ்வழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை காலப்போக்கில் மாற்றமடைந்து, கோ 0238-இன் எதிர்ப்புத் திறனை முறியடித்தது. மாநிலம் முழுவதும் ஒரே ரகம் நடப்பட்டிருந்ததால் நோய் வேகமாகப் பரவியது. இது புதிய அனுபவம் அல்ல. 1930-களின் இறுதியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பரவலாகப் பயிரிடப்பட்டிருந்த கோ 213 ரகமும் இதே நோயால் வீழ்ந்தது.

நோய் தாக்கிய கரும்பில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் மஞ்சளாகி, பின்னர் தோகை முழுவதும் காயும். கரும்பைப் பிளந்தால் உட்பகுதி சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தென்படும். புளித்த சாராய வாடை வீசும். நோயுற்ற கரணையே இது பரவுவதற்கான முதல் வழி. தேங்கி ஓடும் மழைநீர் அதைப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டு செல்கிறது.

கரணைத் தேர்வில் கவனிக்க வேண்டியவை:

நோயின் சுவடே இல்லாத, 8 முதல் 10 மாத வயதுடைய பயிரிலிருந்து கரணை எடுக்க வேண்டும். கரும்பின் மேற்பாதியில் உள்ள பருக்கள் விரைவாக முளைக்கும். வெட்டுவாயில் சிவப்பு தென்பட்டால் அந்தக் கரும்பை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். வெட்டும் கத்தியையும் அவ்வப்போது கிருமிநீக்கம் செய்வது அவசியம்.

நடவுக்கு முன் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் கரணைகளை நனைப்பது முளைப்பைப் பாதுகாக்கும். ஆனால், கரணையின் உள்ளே ஆழமாகப் புகுந்துவிட்ட செவ்வழுகல் பூஞ்சையை இது முழுமையாக அழிக்காது. எனவே, மருந்தை நம்பி நோயுற்ற வயலிலிருந்து கரணை எடுக்கக் கூடாது.

நிலத் தயாரிப்பு:

கடந்த பருவத்தில் நோய் தாக்கிய வயலில் மறுதாம்பு விடாமல், கட்டைகளை அகற்றி அழித்துவிட்டு, குறைந்தது ஓராண்டு நெல், கோதுமை போன்ற மாற்றுப் பயிர் செய்ய வேண்டும். மற்ற வயல்களில் ஆழ உழுது, தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா கலந்து இடலாம். நான்கு அடி இடைவெளியில் ஆழமான சால் அமைத்து நடும் முறையில் பாசன நீர் மிச்சமாகும். இடைவெளியில் உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை ஊடுபயிராகவும் விதைக்கலாம்.

மாற்றம் ஏன் தாமதமாகிறது?

கோ 0238-ஐக் கைவிட்டு கோ 0118, கோ 15023, கோஎஸ் 13235, கோஎல்கே 14201 உள்ளிட்ட ரகங்களுக்கு மாறுமாறு மாநிலக் கரும்புத் துறை அறிவுறுத்தி வருகிறது. ஆனால், நெல், கோதுமை போல ஒரு மூட்டை விதை வாங்கி ரகத்தை மாற்றிவிட முடியாது. வழக்கமான முறையில் ஒரு ஹெக்டேர் நடுவதற்கே 60 முதல் 70 குவிண்டால் கரணை தேவை. ஒரு ஹெக்டேர் விதைப் பயிரைக் கொண்டு சுமார் 10 ஹெக்டேரில் மட்டுமே நட இயலும். மாநிலத்தின் கரும்புப் பரப்போ சுமார் 28 லட்சம் ஹெக்டேர். ஒற்றைப் பரு நாற்றுகளை வளர்த்து நடுவது இந்தத் தட்டுப்பாட்டை ஓரளவு குறைக்கிறது.

புதிய ரகம் முழு வயலுக்கும் கிடைக்காத விவசாயி, சிறு பகுதியில் அதை நட்டு, அடுத்த வசந்தத்துக்கான விதைப் பயிராக வளர்த்துக்கொள்ளலாம். அத்துடன், ஒரே ரகத்தையே நம்பாமல் இரண்டு, மூன்று ரகங்களைப் பிரித்து நட்டால், ஒன்று நோய்க்கு இரையானாலும் மற்றவை கைகொடுக்கும்.