மங்கிய விழியும் வானோடியின் தகுதியும்

1926 அக்டோபர் முதல் நாள். ஓக்லகோமா மாநிலத்து எண்ணெய்க் கிணறு ஒன்றில், சம்மட்டி அடியில் தெறித்த இரும்புத் துணுக்கு 27 வயது இளைஞர் ஒருவரின் இடக்கண்ணில் பாய்ந்தது. தொற்று வலக்கண்ணையும் தாக்கத் தொடங்கவே, மருத்துவர்கள் இடக்கண்ணை அகற்றினர். அந்த இளைஞர் டெக்சசு மாநிலத்துக் கிராண்ட் சலைனில் பிறந்த வைலி போஸ்ட். வானோடியாக வேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் வேட்கை. கண்ணுக்கு ஈடாகக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் அவர் ஒரு பழைய வானூர்தி வாங்கினார். ஏழாண்டுகள் கழித்து, 1933 சூலையில், நியூயார்க்கின் பிளாய்ட் பென்னெட் களத்திலிருந்து புறப்பட்டு, 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் உலகைத் தனியாகவே சுற்றி வந்து இறங்கினார். உலகை வானூர்தியில் தனித்துச் சுற்றிய முதல் மனிதர் ஒற்றைக் கண்ணர்.

இதை மனவுறுதியின் வெற்றி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது அறிவியலுக்குச் செய்யும் குறை. போஸ்ட் செய்தது ஒரு முறையான பயிற்சி. உடல் தேறிவந்த நாட்களில் டெக்சசில் தங்கியிருந்தபோது, தொலைவில் ஒரு மரத்தையோ குன்றையோ குறித்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் என முதலில் மனத்தால் மதிப்பிடுவார். பிறகு நடந்துசென்று அடியளந்து சரிபார்ப்பார். மதிப்பீடும் அளவும் ஒத்துவரும் வரை இது தொடர்ந்தது. இரு கண்களும் தரும் சற்றே வேறுபட்ட படிமங்களை மூளை ஒப்பிட்டு ஆழத்தை உணர்கிறது என்பது உண்மையே. ஆயினும் கண்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஆறரை செ.மீ. மட்டும். பொருள் விலக விலக அவ்விரு படிமங்களின் வேறுபாடு தேய்ந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் பயனற்றுப் போகிறது. தரையிறங்கும் வானோடி ஓடுபாதையின் விளிம்புகள் தொலைவில் குவியும் கோணத்தையும், புல்வெளியின் இழைநயம் விரியும் விரைவையும், அண்மைப் பொருள்கள் சேய்மைப் பொருள்களைவிட விரைந்து நகர்வதையும் கொண்டே உயரத்தை அறிகிறார். இவை அனைத்துக்கும் ஒரு கண் போதும். அக்கண்ணின் செய்தியைப் படிக்கக் கற்ற மூளைதான் வேண்டும். அன்றைய அரசும் போஸ்ட்டுக்கு உரிமத்தை எளிதில் தந்துவிடவில்லை. 700 மணி நேரம் ஆய்வு நிலையில் பறந்து காட்டிய பிறகே, 1928இல் அவர் கைக்கு அது வந்தது.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. அமெரிக்காவின் எடிசனிலும் பிரிமான்ட்டிலும் பிரிஸ்கோவிலும் வாழும் தமிழ் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணாடி இருப்பது இயல்பாகிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 12 முதல் 54 வயது வரையுள்ள அமெரிக்கரில் கிட்டப்பார்வை உடையோர் 1971–72இல் 25 விழுக்காடு, 1999–2004இல் 41.6 விழுக்காடு. பள்ளிப் பருவத்தில் விழிக்கோளம் தேவைக்கு மேல் நீண்டு வளர்ந்துவிடுகிறது. ஒரு மி.மீ. நீண்டாலே ஏறத்தாழ மூன்று டயாப்டர் குறை ஏற்படும். ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். ‘கண்ணாடி போட்டவன் விமானி ஆக முடியாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒற்றைத் தொடரில் எத்தனையோ பிள்ளைகளின் விருப்பம் அவிந்துபோகிறது. போர்ப்படைகளின் பழைய விதிகளிலிருந்து வந்த எண்ணம் அது. பயணிகள் வானூர்திக்கு அமெரிக்காவில் அது பொருந்தாது.

விதி சொல்வது இதுதான். வானூர்தி நிறுவனத்தில் தலைமை வானோடிக்கு வேண்டிய முதல்வகை மருத்துவச் சான்றுக்கு, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 20/20 தொலைப்பார்வை பெற்றிருக்க வேண்டும். கண்ணாடியுடன் பெற்றாலும் போதும். கண்ணாடியின்றி எவ்வளவு தெரிகிறது என்ற கேள்வி 1996இல் விதியிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்கு முன், வெறுங்கண் பார்வை 20/100க்குக் கீழே போனவர்கள் தனி விலக்குக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. தனிப்பட்ட முறையில் பறப்போருக்கான மூன்றாம் வகைச் சான்றுக்கு 20/40 போதும். முதல்வகைச் சான்று கேட்போரில் ஐம்பது வயதை எட்டியவர்களுக்கு 16 அங்குலத்திலும் 32 அங்குலத்திலும் 20/40 அளவில் படிக்கும் திறன் சோதிக்கப்படுகிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணால் கருவிப்பலகையின் எண்களைப் படிக்க முடிகிறதா என்பதே நோக்கம். கண்ணாடியால் சரியாகும் குறை தகுதிக் குறையன்று என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. இதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

அப்படியானால் கூர்மை தேவையில்லையா? மிகவும் தேவை. 20/20 பார்வை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண நிமிடம் அளவுக்கு நுணுகிய இடைவெளியைப் பிரித்தறியும் திறன். இருபது அடி தொலைவில் 9 மி.மீ. உயரத்துக்கும் சற்றுக் குறைந்த எழுத்தைப் படிப்பதற்கு அது சமம். நேரெதிராக வரும் இரு சிறு வானூர்திகளை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றும் மணிக்கு 222 கி.மீ. வேகம் என்றால், நொடிக்கு 123 மீட்டர் வீதம் அவை நெருங்குகின்றன. எதிர்ப்படும் பொருளைக் கண்டு, அது வானூர்தி என அறிந்து, மோதும் வழியில் வருகிறது என உணர்ந்து, முடிவெடுத்து, கையசைத்து, வானூர்தி திரும்புவதற்கு மொத்தம் பன்னிரண்டரை நொடி வேண்டும் என்பது கூட்டரசு வானூர்திப் போக்குவரத்து நிருவாகத்தின் கணக்கு. ஆகவே ஒன்றரை கி.மீ. தொலைவிலேயே கண் அதைப் பற்றியாக வேண்டும். அத்தொலைவில், முன்னிருந்து பார்க்கையில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள வானூர்தி உடல் கண்ணில் இரண்டரைக் கோண நிமிடமே விரியும். 20/100 பார்வை பிரித்தறியும் எல்லையோ ஐந்து கோண நிமிடம். கண்ணாடியைக் கழற்றி வைத்த கண்ணுக்கு அந்த வானூர்தி வானத்தின் நிறத்தோடு கரைந்த ஒரு மங்கலாகிவிடும். ‘திருத்து வில்லை அணிந்தே பறக்க வேண்டும்’ என்று சான்றில் பொறிக்கப்படும் வரிக்கு இவ்வளவு பொருள் உண்டு.

இன்னொரு நுட்பமும் உண்டு. மோதும் வழியில் வரும் வானூர்தி கண்ணாடிச் சாளரத்தில் இடம் மாறாது. ஒரே புள்ளியில் நின்றபடி பெரிதாகும். அசைவுகளை விரைந்து பிடிக்கும் விழித்திரையின் ஓரப்பகுதிக்கு அங்கே வேலையில்லை. நடுக்குழியின் சில பாகைப் பரப்பு மட்டுமே அதைக் காணும். அதனால்தான் வானைப் பத்துப் பத்துப் பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியேனும் கண்ணை நிறுத்திப் பார்க்கப் பயிற்றுகிறார்கள். மேகமோ அடையாளமோ இல்லாத வெறும் வானை நோக்கும்போது, குறையற்ற கண்ணும் தானாகவே சில அடி தொலைவில் குவிந்து நின்றுவிடும். வெறுவெளிக் கிட்டப்பார்வை எனப்படும் இந்நிலையில் மருத்துவச் சோதனையில் 20/20 வாங்கியவரும் கிட்டப்பார்வையரே. இறகின் நுனியையோ தொலைக் குன்றையோ அவ்வப்போது பார்த்துக் குவியத்தை மீட்பது எல்லோருக்கும் வேண்டிய பழக்கம். இரவிலோ நடுக்குழியின் கூம்பணுக்கள் ஓய்ந்துவிட, அதைச் சூழ்ந்த குச்சியணுக்களே பார்க்கின்றன. மங்கிய விளக்கை நேரே நோக்கினால் மறையும், சற்று விலக்கி நோக்கினால் தெரியும்.

எனவே கூர்மை ஒரு தொடக்கம். அதற்கு மேல் நடப்பது மூளையில். நியூசெர்சியின் கால்டுவெல் அருகிலுள்ள எசெக்சு கவுன்டி வானூர்தி நிலையத்திலிருந்து 1999 சூலை 16 மாலை சான் எப். கென்னடியின் மகன் தம் சிறு வானூர்தியை ஓட்டிப் புறப்பட்டார். இருளும் புகைமூட்டமும் சேர்ந்து கடலையும் வானையும் பிரிக்கும் கோட்டை அழித்துவிட்டன. திசையுணர்வு குழம்பி வானூர்தி கடலில் விழுந்தது, மூவர் மாண்டனர். அங்கே இல்லாமற் போனது தொடுவானம். அந்நேரத்தில் உட்செவி சொல்வதைப் புறந்தள்ளிக் கருவிப்பலகையை நம்பும் பழக்கம் ஒன்றே காக்கும். சான் பிரான்சிசுகோ வளைகுடாப் பகுதியிலும் இத்தகைய குழப்பம் ஒன்று நடந்தது. 2017 சூலை 7 நள்ளிரவை ஒட்டி, அந்நகர நிலையத்தில் இறங்கவந்த ஏர் கனடா 759இன் இரு வானோடிகளும், நான்கு வானூர்திகள் புறப்பாட்டுக்குக் காத்துநின்ற பக்கப் பாதையை ஓடுபாதை என்று கண்டார்கள். இணையான ஓடுபாதை மூடப்பட்டு விளக்கணைக்கப்பட்டிருந்ததால், விளக்கெரியும் இரு கோடுகளை அவர்கள் மனம் பழைய படத்தோடு பொருத்திக்கொண்டது. ஏறத்தாழ 60 அடி உயரம் வரை தாழ்ந்து, அதன்பின் மேலெழுந்தனர். எதிர்பார்ப்பே அங்கே கண்ணை ஆண்டது. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கும் திறன் இதற்கு மருந்தாகாது.

ஒற்றைக் கண்ணர்க்கு இன்றும் அமெரிக்காவில் வழி அடைபடவில்லை. பார்வை இழந்தபின் குறைந்தது ஆறு மாதம் பழகவேண்டும். கண் மருத்துவ ஆய்வு வேண்டும். பிறகு ஆய்வாளர் ஒருவர் உடனிருக்கப் பறந்துகாட்ட வேண்டும். அவசரத்தில் இறங்கத்தக்க நிலத்தை மேலிருந்தே தேர்ந்தெடுத்தல், பிற வானூர்தியைக் கண்டறிதல், தொலைவை மதிப்பிடுதல் ஆகியவை அப்போது சோதிக்கப்படுகின்றன. அவருடைய மதிப்பீட்டை ஆய்வாளர் தம்முடையதோடு ஒப்பிடுவார். போஸ்ட் மரத்தைக் குறித்து அடியளந்த அதே வேலைதான் இது.

ஆனால் இரு கண்ணும் உள்ளவர் செயற்கையாக ஒற்றைக் கண்ணராவது வேறு. 1996 அக்டோபர் 19 அன்று நியூயார்க் லாகார்டியாவில் டெல்டா 554 ஓடுபாதைக்கு முன்பே, நீர்மேல் நின்ற விளக்குத் தாங்கிகளில் மோதியது. தலைமை வானோடி ஒரு கண்ணுக்குச் சேய்மையும் மறு கண்ணுக்கு அண்மையும் காட்டும் தொடுவில்லைகளை அணிந்திருந்தார். மழையும் மங்கலும் நீர்ப்பரப்பும் சூழ்ந்த அந்நேரத்தில், அவ்வில்லைகளால் உயரத்தைத் தவறாக உணர்ந்ததைத் திருத்திக்கொள்ள முடியாமற் போனதே காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கண்டது. உயிரிழப்பு இல்லை. அத்தகைய இணைவில்லைகளோடு பறப்பது ஏற்கப்படுவதில்லை. சாதாரணத் தொடுவில்லைக்குத் தடையில்லை. லேசிக் போன்ற சீரொளி அறுவையும், புண் ஆறிப் பார்வை நிலைத்தபின் ஏற்கப்படுகிறது. விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தோன்றும் தொல்லை நீங்கிவிட்டதா என்பது கேட்கப்படும். ஹூஸ்டனில் விண்வெளி வீரர்களைப் பயிற்றும் நாசாவே 2007 முதல், ஓராண்டு கழிந்த அறுவையை ஏற்றுவருகிறது.

நிறப்பார்வை வேறு கதை. கூம்பணுக்களின் நிறமிகளை வகுக்கும் மரபணுக்களிலேயே குறை இருப்பதால் கண்ணாடியோ அறுவையோ அதை மாற்றாது. ஓடுபாதையருகே உள்ள நான்கு விளக்குகளில் இரண்டு வெண்மையும் இரண்டு செம்மையும் தெரிந்தால் இறங்குசரிவு சரி. நான்கும் சிவந்தால் வானூர்தி ஆபத்தான தாழ்வில் இருக்கிறது. 2002 சூலை 26 விடியலுக்கு முன், புளோரிடாவின் டல்லஹாசியில் பெடெக்சு 1478 ஓடுபாதையை எட்டாமல் மரங்களில் மோதியது. விளக்குகள் நெடுநேரம் சிவப்பாகவே எரிந்திருந்தன. ஓட்டிய துணை வானோடிக்குக் கடுமையான பச்சைநிறக் குறை இருந்தது. அவர் சிறப்பு விலக்குச் சான்றோடு பறந்தவர். தலைமை வானோடியும் அவரும் களைத்திருந்ததும் காரணங்களுள் ஒன்று. ஒற்றைக் கண்ணர்க்கு நன்மை செய்த அதே விலக்குமுறை இங்கே தவறியது. அதைக் காட்டாமல் விடுவது நேர்மையாகாது.

2025 சனவரி முதல், புதிதாகச் சான்று கேட்போர்க்குக் கணினிவழி நிறச் சோதனையை நிருவாகம் கட்டாயமாக்கியுள்ளது. பழைய புள்ளிப் படங்களை மனப்பாடம் செய்து தேறிவிடும் வழி அடைபட்டது. பறத்தல் பயிற்சிக்கு முன்பணம் கட்டுமுன், நிருவாகத்தின் ஏற்புப் பெற்ற வானூர்தி மருத்துவரிடம் முதல்வகைச் சான்றுக்கே சோதித்துக்கொள்ளட்டும், பிள்ளைகள். கண்ணாடியின் எண் போதாது எனத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நிறச் சோதனையில் தவறினால், செல்வமும் ஆண்டுகளும் செலவாகுமுன்பே அது தெரிந்துவிடும். நாற்பது வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அந்தச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.