விமானத்துக்கு என்று தூக்க மருந்து கேட்காதீர்கள்

"டாக்டர், வர்ற வியாழக்கிழமை கிளம்புறேன். அவர் முன்னாடியே போயிட்டார். பாப்பாவோட நான் மட்டும்தான். ஃப்ளைட்ல தூங்குறதுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க."

கோடை விடுமுறைக் காலத்திலும் டிசம்பரிலும் சென்னையில் குழந்தைகளைப் பார்க்கும் என்னைப் போன்றவர்களிடம் இந்தப் பேச்சு வராத வாரம் கிடையாது. கேட்கிற தாய்மார்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. முடியாது என்று சொல்லி, ஏன் என்று விளக்கி அனுப்பிவிடலாம். யாரையும் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அப்படி ஒரு குழந்தையை விமான நிலையத்திலிருந்து நேராக என்னிடம் தூக்கிவந்தார்கள். ஒன்றரை வயது. கிளம்பும் முன் வீட்டில் சளி மருந்து ஒரு வேளை. தூங்கவில்லை. இரண்டாவது விமானத்தில் ஏறியதும் இன்னொரு வேளை. அதற்கும் தூங்காமல் கத்தித் தீர்த்திருக்கிறது. மூன்றாவது வேளைக்குப் பிறகு துவண்டு போனது. தாய்க்கு முதலில் நிம்மதி. தரையிறங்கிய பிறகு எழுப்பினால் எழவில்லை என்றதும்தான் பதறியிருக்கிறார். ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்திலிருந்து கண்காணித்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னதை மறக்க முடியவில்லை: "சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் என்னையே பார்த்தாங்க டாக்டர்."

அந்தப் பார்வைக்குப் பயந்துதான் மருந்து போகிறது. குழந்தையின் நோய்க்காகப் போகவில்லை.

தூக்க மருந்தா, சளி மருந்தா?

வீட்டில் 'தூக்க மருந்து' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சளிக்கும் அலர்ஜிக்கும் உள்ள மருந்துதான். குளோர்பெனிரமின், புரோமெதசின், டைபென்ஹைட்ரமின் என்று லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும். தூக்கம் அவற்றின் பக்கவிளைவு. பக்கவிளைவுக்காக ஒரு மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாகப் பரபரப்பைத்தான் தரும். கண் செருகும், உடம்பு சொல் கேட்காது, தூக்கம் மட்டும் வராது. 'மருந்து பத்தலை போல' என்று தாய் அடுத்த வேளையை ஊற்றுவது இந்த இடத்தில்தான். முதல் மருந்து இன்னும் உடம்பில்தான் இருக்கிறது.

'அக்கா பையனுக்குப் போன தடவை குடுத்தாங்க, ஒண்ணும் ஆகலை' என்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004-லேயே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்தது. மூச்சு அடங்கி உயிர் போனதுதான் காரணம். இந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடைச் சளி மருந்துகள் வேண்டாம் என்று 2008-இல் மறுபடி சொன்னது. நம் நாட்டிலும் குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பாட்டிலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இத்தனைக்கும் பிறகு 'அரை ஸ்பூன்தானே' என்று ஒருவர் சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

விமானத்துக்குள் இது இன்னும் மோசம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி, கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மூச்சை மந்தப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, விளக்கணைத்த விமானத்தில், போர்வைக்குள் சுருட்டிவைத்த குழந்தையின் மூச்சை யார் பார்ப்பது? தாயும் களைத்துக் கண்ணயர்ந்துவிடுகிறார். அவரை மாற்றிவிட இன்னொருவர் கூட இல்லை. தனியாகப் போகிறவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜாதிக்காய், கசகசா, பிராந்தி

மருந்து வேண்டாம் என்றதும் கூட வந்த பாட்டி மெதுவாகக் கேட்பார்: "அப்போ ஜாதிக்காய் உரசிக் குடுக்கலாமா?"

வேண்டாம் பாட்டி. எத்தனை இழைப்பு இழைத்தோம், அதில் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு மீறினால் படபடப்பு, நாக்கு வறட்சி, பிதற்றல், மயக்கம் எல்லாம் வரும். வசம்பும் வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தடவுவதும் வேண்டாம்; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைகாலைத் தளரவைத்து மூச்சையே நிறுத்திவிடும்.

கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அபினிச் செடியின் விதை அது. உடம்புக்கு ஆகாது என்பதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். நம்மவர்கள் மாறிப் போவது பெரும்பாலும் துபாய், அபுதாபி வழியாகத்தான். மசாலாப் பொட்டலத்துக்குள் இருந்தாலும் வம்புதான். கைக்குழந்தையோடு தனியாக நிற்கும் பெண் சுங்க அதிகாரியிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

பிராந்தி ஒரு சொட்டு என்பவர்களும் இருக்கிறார்கள். சாராயம் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வலிப்பு வரும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காதில் பஞ்சு, காதில் எண்ணெய்

விமானத்தில் குழந்தை அதிகம் வீறிடுவது இறங்கும் நேரத்தில். தரையைத் தொடுவதற்கு அரை மணி முன்பிருந்தே அழுத்தம் ஏறத் தொடங்கும். எச்சில் விழுங்கினால் காது திறந்து வலி குறையும். மருந்தில் மயங்கிக் கிடக்கும் குழந்தை விழுங்காது. திடுக்கென்று வலியில் விழித்துக் கத்தும். தூங்கவைத்ததன் பலன் இவ்வளவுதான்.

பஞ்சு வைத்தால் அழுத்தம் நின்றுவிடாது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிளம்பும் முன் காதில் விடுவதால் வலி தடுக்கப்படுவதில்லை. சவ்வில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும், சூடு கூடினால் வெந்துபோகும். வெந்நீரில் நனைத்த டிஷ்யூவை டம்ளரில் போட்டுக் காதில் கவிழ்ப்பதும் வேண்டாம். சொட்டுகிற வெந்நீர் கன்னத்தைப் பொசுக்கிவிடும்.

'மிட்டாய் குடுத்தா சப்பும்' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆட்டம் காணும் விமானத்தில், அழுகிற இரண்டு வயதுக் குழந்தையின் வாயில் மிட்டாய் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அது தொண்டையில் போய் அடைத்தால் முப்பதாயிரம் அடிக்கு மேலே என்ன செய்வீர்கள்? வறுத்த கடலை, உடைத்த முறுக்கு, முழுத் திராட்சை எதுவும் பயணப் பையில் இருக்கக் கூடாது.

தாய்ப்பால், பால் புட்டி, உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர் டம்ளர், இவை போதும். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். தூங்கினால் இறக்கம் தொடங்கும்போது மெல்ல எழுப்பிவிடுங்கள். பால், குழந்தை உணவு, மருந்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பைத் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

காய்ச்சல் மருந்தும் மூன்று ஊர் நேரமும்

பயணத்துக்குக் கையில் இருக்க வேண்டிய மருந்து பாராசிட்டமால் ஒன்றுதான். அதிலும் தவறு நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 5 மில்லிக்கு 125 என்று போட்ட சிரப்பில் அது 6 மில்லி. 250 என்று போட்டதில் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கிறது. அதனால் ஒன்றரை மில்லிதான். சிரப்பின் ஞாபகத்தில் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் நான்கு வேளை மருந்து ஒரே மூச்சில் போய்விடும். அமெரிக்க பாட்டிலில் 5 மில்லிக்கு 160 இருக்கும், பெயரும் அசிட்டமினோஃபென் என்று மாறியிருக்கும். இரண்டும் ஒரே மருந்து. அங்கே வாங்கியதைத் தாய் கொடுத்திருப்பார். வந்து இறங்கிய வீட்டில் காய்ச்சல் சுடுகிறதே என்று பாட்டி இன்னொன்று கொடுப்பார். பாதிக்கப்படுவது கல்லீரல்.

இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. இந்திய நேரம், துபாய் நேரம், அமெரிக்க நேரம் என்று மாறிக்கொண்டே போகும்போது இந்தக் கணக்கு தப்பும். ஒரு கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டு, கொடுத்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிவையுங்கள்.

சளி, காது வலி, மூச்சிரைப்பு, காய்ச்சல் இருந்தால் கிளம்பும் முன் காட்டிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலே போதும்.

தண்ணீர் குடிக்காத தாய்

குழந்தையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் நான் தாயிடம் ஒன்று கேட்பேன்: "நீங்க எத்தனை தடவை பாத்ரூம் போனீங்க?" பலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தண்ணீரே குடிக்காமல் வந்திருப்பார்கள். துபாயிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே இறங்கிய காற்று. சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், பால் குறைவு எல்லாம் வருகிறது. பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்களுக்கும் மறுபடி கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

அம்மா, பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை ஒன்று எடுத்துப்போய், அதோடே பாத்ரூம் போய் வாருங்கள். சாப்பிடுங்கள். மடியில் குழந்தை இருக்கும்போது சூடான காபியை மட்டும் வாங்காதீர்கள். ஒரு கை தட்டினால் குழந்தையின் தொடை வெந்துபோகும். களைப்பில் குழந்தையைக் காலடியில் தரையில் படுக்கவைக்காதீர்கள். ஆக்சிஜன் முகமூடி அங்கே எட்டாது, விமானம் குலுங்கினால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இரண்டு வயது ஆகவில்லையென்றாலும் வசதி இருந்தால் குழந்தைக்குத் தனி இருக்கை எடுங்கள்.

வந்து இறங்கிய வாரம்

வெளிநாட்டிலிருந்து வரும் குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே வயிற்றுப்போக்கு வருவது சகஜம். அதற்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். ஸ்பூன் ஸ்பூனாக டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு தாறுமாறாகிவிடும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் பேதியைக் கூட்டத்தான் செய்யும்.

பகல் இரவு மாறிப்போவதற்கும் மருந்து கேட்கிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள். காலை வெயிலில் தூக்கிக்கொண்டு நடங்கள். தானாகச் சரியாகும்.

முன்கூட்டியே வாருங்கள்

டிக்கெட் எடுத்த அன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பெட்டி கட்டுவதற்கு நடுவில் ஓடிவந்தால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. டைபாய்டு தடுப்பூசி ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம், ஆனால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போட வேண்டும். வெளிநாடு போகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குத் தட்டம்மை தடுப்பூசி ஒரு வேளை முன்கூட்டியே தேவைப்படலாம்; அதற்குப் பிறகு வழக்கமான ஊசிகளும் போட்டாக வேண்டும்.

கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. தனியாக அனுப்பும்போது 'அழாம பார்த்துக்கோ' என்று சொல்லி அனுப்பாதீர்கள். நேரடி விமானம் கிடைத்தால் நாலு காசு கூடுதலானாலும் அதில் போடுங்கள். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே, அந்தப் பெண் எழுந்து போய்விட்டு வர ஐந்து நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீங்களாகக் கேளுங்கள்.

அம்மா, குழந்தை அழும். சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், பையில் எடுத்து வைத்திருக்கும் அந்தச் சளி மருந்து பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.